பெரிதாக்கிப் பார்ப்பவர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சிறுபடகு உரிமத்துக்கு வகுப்பெடுத்து, எழுத்துத் தேர்வும் நடத்தினேன். படகு ஓட்டுகிறவர்களை அந்தக் காலத்தில் விதிகளைப் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். அந்த அம்மாள் இரண்டிலும் சேரவில்லை. அவர் விதிகளையும் படித்தார், விதிகள் அச்சான காகிதத்தையும் படித்தார்.

தேர்வு அறையில் இருபது பேர். பத்தொன்பது பேர் ஆண்கள். கடைசி வரிசையில் பஞ்சாபி சூட் அணிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வினாத்தாளைக் கண்ணுக்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்திருந்தவர் அவர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். தாளில் கடல்வரைபடத்தின் ஒரு துண்டு நகலெடுத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாதை வரைய வேண்டும். அவர் கையைத் தூக்கினார்.

"சார், இந்த மெல்லிசா வளைஞ்சு போறது கோடா, தூசியா?"

அது கடலடிக் கம்பி என்று நான் உடனே சொன்னேன். தெரியாததைக்கூட உடனே சொல்வது தேர்வு நடத்துகிறவனின் பழக்கம். அவர் தலையாட்டவில்லை. கோடு என்றால் முழுக்க ஒரே கனத்தில் இருக்கும், இது நடுவில் தடித்து நுனியில் மெலிகிறது, முடி மாதிரி இருக்கிறது என்றார். அன்று மாலை மூல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே கம்பியும் இல்லை, கோடும் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தாளைத் தயாரித்தபோது நகலெடுக்கும் கண்ணாடிமேல் யாருடைய தலைமுடியோ விழுந்திருக்கிறது. அந்த முடியைச் சுற்றிக்கொண்டு போகவில்லை என்பதற்காக எத்தனை பேருடைய மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த அம்மாளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். தாளை மாற்றும்படி மேலே எழுதினேன். நான் ஓய்வு பெறும் வரை பதில் வரவில்லை.

தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவர் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். வேலை முழுக்க மைக்ராஸ்கோப்பில்தான். விரல்நகம் அளவு மின்சுற்றுப் பலகைகள் ஒவ்வொன்றாக அதன் கீழே வந்து நிற்கும். ஈயம் ஒட்டாத முனை, மயிரிழை விரிசல், ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிய துளி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் வலது பக்கம், இல்லை என்றால் இடது பக்கம் தள்ள வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. அதைப்பற்றி அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், பின்னாளில் படகில் பாயை ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மணிக்கு ஒரு தடவ தலையத் தூக்கிக் கண்ணுக்கு ஓய்வு குடுங்கன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. தூக்குனா சுவரு."

படகு அவருக்கு வந்த விதம் ஒரு வேடிக்கை. தொழிற்சாலையில் மேலாளராக இருந்த ஜப்பானியர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தன்னுடைய இருபத்திரண்டு அடிப் பாய்ப்படகை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்திருக்கிறார். முன்பு ஒருநாள் ஊழியர்களை அதில் ஏற்றிச் சுற்றிக் காட்டியபோது எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்களாம். சுக்கான் எப்படித் திரும்புகிறது என்று குனிந்து பார்த்தவர் இந்த அம்மாள் ஒருவர்தானாம். படகை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள், சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறவள். இருப்பது ஒரே அம்மா, அந்த அம்மாவும் கடலுக்குப் போகிறேன் என்றால் அந்தப் பெண்தான் என்ன செய்வாள்? அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். தனியாகப் போகக்கூடாது. ஒரே ஒரு விபத்து நடந்தாலும் படகை விற்றுவிட வேண்டும். அம்மா இரண்டுக்கும் தலையாட்டினார். முதல் நிபந்தனைக்குத்தான் நான் அகப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் படகுத்துறைச் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியும், நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்திருந்தார்கள். பேட்ஜ் போட்டவர் கூட இருந்தால் மகளுக்கு நிம்மதி.

அப்படித்தான் சனிக்கிழமைகளில் அவருடன் கடலில் இருக்கத் தொடங்கினேன். சண்டையும் அப்போதே தொடங்கியது.

அவர் வழி பார்ப்பது டேப்லட்டில். கடல்வரைபடம் முழுவதும் அதில் இருக்கும். நம் படகு ஒரு சிறு அம்புக்குறியாக அதன்மேல் நகரும். நல்ல சாதனம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவருக்குக் கொடுத்திருந்தேன். முதலில் முழுப் பயணத்தையும் சிறிய அளவில் பார்க்க வேண்டும். பிறகு பகுதி பகுதியாகப் பெரிதாக்க வேண்டும். அந்தக் காகிதத்தை அவர் பிஸ்கட் டின்னுக்கு மூடியாக வைத்திருந்தார். திரையை எடுத்த எடுப்பிலேயே இரண்டு விரலால் விரிப்பார், மேலும் விரிப்பார், இனி விரிக்க முடியாது என்று திரையே மறுக்கும்வரை விரிப்பார். நீல நிறம், நடுவில் அம்பு, ஓரத்தில் ஆழத்தைக் காட்டும் ஒற்றை எண். அவ்வளவுதான். ஐம்பது மீட்டருக்கு அப்பால் உலகமே இல்லை.

இதில் முன்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வரும்போது தெரியும் என்றார். இது படகு, தொழிற்சாலைப் பலகை அல்ல, முழுதாகப் பார்த்துப் பழகுங்கள் என்றேன்.

"முழுசா பார்த்தா எல்லாப் பலகையும் அழகாத்தான் சார் இருக்கும். கெட்டுப்போனதும் அழகாத்தான் இருக்கும். பெருசு பண்ணிப் பார்த்தாதானே தெரியும்."

கடலில் மட்டுமா? பெக்கான் நானாஸ் சந்தையில் அன்னாசிப்பழம் வாங்கினால் ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பி, தோலில் உள்ள ஒவ்வொரு கண்ணையும் பார்ப்பார். கடைக்காரர், "அம்மா, பழம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்பார். பெண் பார்க்கப் போனாலும் அதே கதைதான். தங்கை மகனுக்கு வந்த பெண்ணின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, பெண்ணை விட்டுவிட்டு, பின்னால் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்து, அது வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது என்று கண்டுபிடித்தவர். படகுத்துறைக் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது, அவர் பெருவிரல் ஓரத்தில் கறுத்திருந்த ஒரு புள்ளியைக் கண்டு, இன்றைக்கே கிளினிக்குக்குப் போ என்று விரட்டினார். காவலாளி முனகிக்கொண்டே போனார். சர்க்கரை நோயால் கால் கெட ஆரம்பித்திருந்தது. விரல் தப்பியது. அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்த அம்மாளின் படகுக் கயிற்றை வேறு யாரையும் அவிழ்க்க விட்டதில்லை.

எனக்கும் அது நடந்தது. நான்காவது சனியோ ஐந்தாவதோ, காற்று இல்லாமல் சும்மா மிதந்துகொண்டிருந்தோம். அவர் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்கா தவறி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டார். என் மனைவியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்றேன். மேல் பொத்தான் இரண்டும் வெள்ளை நூலில் சின்னச் சின்னத் தையல், கீழ்ப் பொத்தான் மூன்றும் பாய் தைக்கிற நீல நூலில் மூட்டை கட்டிய மாதிரி இருக்கிறது என்றார். மூன்று வருஷம் என்று சொன்னேன். அடுத்த சனி, சாப்பிடக் கொண்டுவரும் சேமியா டப்பாவோடு வெள்ளை நூல்கண்டு ஒன்றும் ஊசியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பாயைக் கட்டப் போய்விட்டார். தைத்துத் தரவில்லை. தைத்துக்கொள்ளும்படியும் சொல்லவில்லை.

போன ஆண்டு அவர் காலமானார். படகு இப்போது மெர்சிங் பக்கம் வேறொருவரிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் படகு அவரைவிட்டு அதற்கு வெகு முன்பே போயிருக்க வேண்டியது. அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடியவன் நான்.

அன்று குக்குப் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி, நல்ல காற்று, பூலாய் ஆற்று முகத்தைக் கடக்க வேண்டும். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் சுக்கானைப் பிடித்திருந்தார். வியர்வைக் கையால் திரை சரியாக வேலை செய்யவில்லை என்று டேப்லட்டை என்னிடம் கொடுத்தார். வழக்கம்போல ஒரே நீலம், நடுவில் அம்பு. கடைசியில் சாதனம் என் கைக்கு வந்துவிட்டது என்று எனக்குள் ஓர் அதிகாரியின் மகிழ்ச்சி. செய்முறைப்படி முழுப் படத்தையும் பார்ப்போம் என்று சொல்லி, இரண்டு விரலால் திரையைச் சுருக்கினேன். ஆற்று முகம், இரண்டு கரை, எதிரே நீரிணை எல்லாம் ஒரே பார்வையில் துப்புரவாக வந்து நின்றன. எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அவரிடம் காட்டிக்கூட ஒரு தரம் பெருமைப்பட்டேன். தடை எதுவும் இல்லை, நேராகப் போகலாம் என்றேன். அவர் போனார்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ படகை அடியிலிருந்து பிடித்து நிறுத்தியது போல ஓர் இடி, பிறகு ஒரு நீண்ட உராய்வு. படகு நின்றது. மெதுவாக இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

அவர் பாயை இறக்கினார். எனக்கு அடிபட்டதா என்று கேட்டார். பிறகு என் கையிலிருந்து டேப்லட்டை வாங்கி, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை வைத்து விரித்தார். வெறும் நீலமாக இருந்த இடத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி எழுந்தது. அதைச் சுற்றிப் புள்ளிகள். தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் கல்திட்டு. படத்தைச் சுருக்கினால் திரையில் நெரிசல் வரக்கூடாது என்று சின்னக் குறிகளைச் செயலியே மறைத்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. என் பிளாஸ்டிக் உறைக் காகிதத்தில் ஏழாவது வரியாக நானே தட்டச்சு செய்திருந்தேன்.

அவர் சிலுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

அந்த வழியாக வந்த மலாய் மீனவர் ஒருவர் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "துங்கு ஆயர் நாயிக் லா," தண்ணீர் ஏறட்டும், காத்திருங்கள் என்று சொல்லி, எங்களுக்கு இரண்டு நாசி லெமாக் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் வற்றித் திரும்ப ஏறப் பிற்பகல் ஆகும். சாய்ந்த படகில் சாய்ந்தபடியே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் அவர் சொன்னார்.

"மக கேட்டா நான்தான் ஓட்டுனேன்னு சொல்லுவேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

நான் வாய் திறந்தேன்.

"சுக்கானப் பிடிச்சவங்கதான் பொறுப்பு. வகுப்புல நீங்கதானே சொன்னீங்க."

"படகு போயிடும்மா."

"போனா போகட்டும் சார். எனக்கு மக இருக்கா. பேரப்பிள்ள வரப் போவுது. குளுவாங்குல தங்கச்சி இருக்கா. அந்த பேட்ஜ விட்டா உங்களுக்கு வேற என்னா இருக்கு?"

குத்திக்காட்டுவதாக இல்லை அந்தக் குரல். பலகையைப் பார்த்து, எந்த முனை பலவீனம் என்று சொல்லும் குரல். அவ்வளவு கிட்டத்தில் வைத்து என்னை யாரும் பார்த்ததில்லை. நான் சோற்றை மென்றுகொண்டு கரையைப் பார்த்தேன்.

படகைக் கரையேற்றிப் பார்த்தபோது அடிப்பாகத்தில் முழங்கை நீளத்துக்கு விரிசல். மறுநாள் மகள் வந்தாள். நிறைமாதமாக இருந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விரிசலைப் பார்த்தாள். அம்மா சொன்னபடியே சொன்னார்: "நான்தான் ஓட்டுனேன். கல்லப் பார்க்கல." இரண்டு வாக்கியமும் உண்மை. மகள் திட்டவில்லை. அம்மா, நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் ஆமாம் என்றார். படகை விற்பதற்கு ஆள் பார்ப்பது என்று முடிவானது. பக்கத்தில் நான், பேட்ஜோடு, நின்றுகொண்டிருந்தேன்.

விபத்து நடந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கு ஒன்பது நாள் ஆனது. முதல் வரைவில், 'திரையின் அளவு சூழலுக்குப் பொருத்தமற்றதாக இருந்தது' என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்து நடை அது. யாரும் எதையும் செய்யாமலே எல்லாம் நடந்துவிடும். இரண்டாவது வரைவில் காற்று, நீர்மட்டம், செயலியின் குறைபாடு எல்லாவற்றையும் சேர்த்தேன். அவை ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்ததில் எனக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை. எட்டு நாளும் படகுத்துறைப் பக்கம் போகவில்லை. அந்த எட்டு நாளில் ஒருவர் வந்து படகைப் பார்த்துவிட்டுப் போனதாகக் காவலாளி தொலைபேசியில் சொன்னார். அம்மா தானே நின்று ஒவ்வொரு கயிறாக விளக்கினார்களாம். விரிசலையும் விளக்கு அடித்துக் காட்டினார்களாம், சார் என்றார்.

அன்று மூன்றாவது வரைவை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'வரைபடம் சரியான அளவில் இருந்தது. அதை நான் சுருக்கினேன். கல் மறைந்தது. வழி தெளிவாக இருப்பதாக நான் சொன்னேன். படகோட்டி என் சொல்லை நம்பினார்.' கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனேன்.

தெப்ராவில் அவர்கள் வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்தபடியே அவள் படித்தாள். அம்மா உள்ளே இருந்தார். படித்து முடித்துவிட்டு, எதற்காக இதைக் கொண்டுவந்தீர்கள் அங்கிள் என்று கேட்டாள். படகை விற்க வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் தப்பான காரணத்துக்காக விற்கப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றேன்.

"அம்மா ஏன் பொய் சொன்னாங்க?"

"பொய் சொல்லலம்மா. நான் செஞ்சத மட்டும் சொல்லல."

அவள் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அம்மாவைப் போலவே முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தாள். பிறகு அதை நான்காக மடித்தாள்.

"படகு இருக்கட்டும் அங்கிள். வாங்க வர்றவருகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. நீங்க இனிமே அந்த டேப்லட்டத் தொடக்கூடாது."

சரி என்றேன். எழுத்தில் வேண்டுமா என்றும் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்றாள்.

சங்கம் முறைப்படி நடந்துகொண்டது. கூட்டம் போட்டு, என் சேவையைப் பாராட்டி, பேட்ஜைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தீர்மானத்தின் வாசகத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன். அவர்களுக்கு அது சரியாக வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் என்னிடம் பேசவில்லை. மூன்று வாரம். எனக்காக அவர் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை நான் அவரைக் கேட்காமல் போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபம். சனிக்கிழமை காலைகளில் வீட்டில் உட்கார்ந்து, நான் செய்ததில் எது விதிப்படி, எது அப்படி இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நூலை எடுத்து மூன்று பொத்தானையும் மறுபடி தைத்தேன்.

நான்காவது சனி தொலைபேசி மணி அடித்தது.

"பத்து மணிக்குத் தண்ணி ஏறுது. வர்றீங்களா இல்லையா?"

போனேன். விரிசல் அடைத்த இடத்தில் புதுச் சாயம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. காவலாளி கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் வழக்கம்போல முன்பக்கமாகப் போய் உட்காரப் பார்த்தேன். அங்கே இல்லை, இங்கே என்று சுக்கானைக் காட்டினார். இத்தனை நாளில் அதை அவர் என்னிடம் கொடுத்ததே இல்லை.

"மக சொல்லிட்டா, நீங்க இதத் தொடக்கூடாதாம். உங்க ரெண்டு கையையும் சும்மா விட்டு வைக்க எனக்குப் பயமா இருக்கு. பிடிங்க."

பிடித்தேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டேப்லட்டைக் கண்ணருகே கொண்டுபோய் விரித்தார். விரித்துக்கொண்டே இருந்தார். நான் இருந்த இடத்திலிருந்து எனக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. காற்று நிரம்பிப் படகு சாய்ந்து ஓடத் தொடங்கியது. ஆற்று முகம் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

"கொஞ்சம் வலது பக்கம்," என்றார். "இன்னும் கொஞ்சம். ம், போதும். இப்ப நேரா விடுங்க."

நேராக விட்டேன்.